எழுத்து போனது, துளை நின்றது

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் பிரான்சின் நீம் நகரில் உள்ள மெசோன் காரே என்ற ரோமானியக் கோயில் பற்றிய கட்டுரையில், "முகப்புக் கல்வெட்டு இதை அகஸ்டஸின் பேரன்களுக்கு உரியது என்கிறது" என்று வந்திருக்கிறது (அகஸ்டஸ், ரோமின் முதல் பேரரசர்). அங்கே கல்வெட்டு என்று எதுவும் இல்லை. எழுத்துகள் கல்லில் வெட்டப்படவில்லை. வெண்கலத்தில் வார்த்துப் பொருத்தப்பட்டிருந்தன. இடைக்காலத்தில் அவற்றைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருப்பவை, எழுத்துகளைக் கல்லில் பிடித்துவைத்த முளைகள் இறங்கிய துளைகள்தான்.

1758-இல் அந்தத் துளைகளைப் படித்துச் சொன்னவர் உள்ளூர் அறிஞர் ழான் பிரான்சுவா செகியே. எழுத்தின் கோடு போகும் வழியில்தான் பின்புற முளைகள் இருக்கும். ஆகவே துளைகளின் இடைவெளியும் உயரமும் எழுத்தின் வடிவைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் ஒரே துளைக்கூட்டம் இரண்டு மூன்று எழுத்துகளுக்குப் பொருந்திவிடும். ரோமானியப் பட்டங்களின் வழக்கமான வரிசை தெரிந்தவருக்குத்தான் கணக்குச் சரியாக வரும். செகியே படித்தது: காயஸ் சீசர் கான்சல் (ரோமின் உயர் ஆட்சிப் பதவி); லூசியஸ் சீசர் கான்சலாகத் தேர்வானவர்; இருவரும் 'இளைஞர்களின் தலைவர்கள்' என்ற பட்டம் பெற்றவர்கள். வாசகத்தில் இவர்கள் அகஸ்டஸின் 'மகன்கள்'. மகள் ஜூலியாவின் பிள்ளைகளை அவர் தத்தெடுத்திருந்தார். காயஸ் கான்சல் ஆனது கி.பி. 1-இல். எனவே இந்த வாசகம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது.

"கிரேக்க பாணியில் சுற்றிலும் தூண்கள்" என்பதும் பொருந்தாது. மொத்தம் 30 தூண்களில் முன்மண்டபத்தின் 10 மட்டுமே தனியாக நிற்கின்றன. மற்ற 20-ம் சுவரோடு ஒட்டிய அரைத்தூண்கள். கிரேக்கக் கோயிலுக்கு நாற்புறமும் படி உண்டு. இதுவோ 2.85 மீட்டர் உயர மேடைமேல், முன்பக்கம் மட்டும் 15 படிகளோடு நிற்கிறது. ஒற்றைப்படை எண் வேண்டுமென்றே வைத்தது: வலது காலை முதல் படியில் வைத்தால் மேலேயும் வலது காலே படும். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் சொல்லும் விதி அது.

பெயருக்குச் 'சதுர வீடு' என்று பொருள் சொல்லிவிட்டு, 26 மீட்டருக்கு 13.5 மீட்டர் என்று அளவும் தந்திருக்கிறீர்கள். பழைய பிரெஞ்சில் செவ்வகமும் 'காரே'தான்.

கட்டடம் தப்பியதற்குக் காரணம், அது சும்மா கிடக்கவில்லை என்பதே. வீடு, குதிரை லாயம், தேவாலயம், ஆவணக் காப்பகம் என்று யாராவது ஒருவருக்குக் கூரை தேவைப்பட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை முழு முகப்பின் படத்தோடு, தூண்களுக்கு மேலுள்ள இரண்டு கல்பட்டைகளையும் நெருக்கமாக எடுத்துப் போடுங்கள். மேல்பட்டையில் ஒரு வரி, கீழ்ப்பட்டையில் ஒரு வரி. துளைகள் நன்றாகவே தெரியும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், திருச்சி