எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

நம் பல்கலைக்கழகங்களில் வணிகக் கடிதமும் அறிக்கையும் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

நிலாவெளியில் ஒரு சிறிய விடுதியில் அலுவலக வேலை பார்ப்பவள் நான். பயிற்சிக்கு வரும் பட்டதாரிப் பிள்ளைகளின் எழுத்து நாள்தோறும் என் மேசைக்கு வரும். போன சீசனில் ஒரு தம்பியிடம் பிளாஸ்டிக் போத்தல்களைக் குறைக்க ஒரு முன்மொழிவு எழுதச் சொன்னேன். விளிப்பு, பந்தி, கையொப்பம் எல்லாம் பிசகில்லை. ஆனால் 'சூழலுக்கு உகந்த' என்ற சொல் பக்கம் முழுக்க நிறைந்திருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை போத்தல் போகிறது, அவை எங்கே சேர்கின்றன, தண்ணீர் வடிகட்டி என்ன விலை, ஒன்றுமே இல்லை. சமையலறைக்குப் பின்னாலுள்ள சாக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு வரச் சொன்னேன். மறுபடி எழுதியது அரைப் பக்கம்தான். முதலாளி நின்றபடியே வாசித்து முடித்துவிட்டு, "வடிகட்டிக்கு விலை கேளுங்கோ" என்றார்.

அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவில்லை. இல்லாத ஒரு கம்பனிக்கு இல்லாத ஒரு முறைப்பாட்டை எழுதித்தான் அவன் பழகியிருக்கிறான். சூழலைக் கெடுக்காத, நிலைபேறான அபிவிருத்திக்கென்று புதுப்பாடம் கேட்டு நான் இதை எழுதவில்லை. இருக்கிற ஒப்படைகளுக்கு நம் ஊரின் உண்மையான விடயங்களைக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட, நிலாவெளிக் கடலிலுள்ள புறாமலைத் தீவை எடுங்கள். பவளப்பாறையில் ஏறி நிற்காதீர்கள் என்று, முகமூடி மாட்டிக்கொண்டு கடலில் இறங்கத் துடிக்கும் ஒருவர் நின்று வாசிக்கும்படி மூன்று மொழியிலும் நாலு வரி எழுதுவது லேசான வேலையில்லை. வாசகர் யார், எந்த நேரத்தில் வாசிப்பார் என்று யோசிக்காமல் அதை எழுதவே முடியாது.

எங்கள் மாவட்டத்துச் சம்பூரையும் மறக்க வேண்டாம். அங்கே வரவிருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் சூரிய மின்திட்டம் பற்றிப் பேசுகிறோம். இத்தகைய பெருந்திட்டத்துக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், அறிவித்தலில் தரப்படும் காலத்துக்குள் எவரும் திட்டத்துக்கு அனுமதி வழங்கும் அரச நிறுவனத்துக்கு எழுத்தில் கருத்துச் சொல்லலாம். எத்தனை பட்டதாரிகளுக்கு அப்படி ஒரு கடிதம் எழுதத் தெரியும்? 2016ஆம் ஆண்டின் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ், பிரதேச சபையிடம் குப்பை எங்கே கொட்டப்படுகிறது என்று கேட்கும் விண்ணப்பமும் அப்படித்தான். கேள்வி மழுப்பலாக இருந்தால் பதிலும் மழுப்பலாகத்தான் வரும்.

வேலைவாய்ப்பு என்று பார்த்தாலும் சரி, கொழும்புப் பங்குச் சந்தையில் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களிலுள்ள கம்பனிகளுக்கு 2025 ஜனவரியிலிருந்து, சூழல், காலநிலை போன்ற விடயங்களைக் கணக்கோடு அறிவிக்கச் சொல்லும் நிலைபேற்று அறிக்கையிடல் நியமங்கள் வந்துவிட்டன. அந்த அறிக்கைகளை எழுத ஆட்கள் வேண்டும். 'பசுமை' என்று எழுதும்போது அதற்குக் கணக்கு எங்கே என்று தன்னையே கேட்கும் ஆட்கள் வேண்டும். அந்தப் பழக்கம் எழுத்து வகுப்பில் வராவிட்டால் வேறெங்கே வரும்?

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகம் எங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வரும் அரையாண்டில் ஒரேயொரு ஒப்படையையாவது இப்படிக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் விடுதியின் தண்ணீர், மின்சாரப் பட்டியல்களையும் குப்பைக் கணக்கையும் மாணவர்களுக்குக் காட்ட முதலாளி சம்மதித்திருக்கிறார். மே மாதத்துக்குப் பிறகு அனுப்புங்கள், அப்போதுதான் விடுதி நிறைந்திருக்கும்.

அன்புடன்,
நிலாவெளியிலிருந்து ஒரு விடுதி ஊழியர்