வாய் திறக்காத பிள்ளையிடம் அவசரப்படாதே

அன்பு மகள்,

ஞாயிற்றுக்கிழமை நீ தாய்வானிலிருந்து போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. அறை, சந்தை, மழை, கூட வேலை செய்கிற ஆசிரியைகள் என்று எல்லாவற்றையும் சந்தோசமாகத்தான் சொன்னாய். ஆனால் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் இதுவரை உன் ஆங்கில வகுப்பில் ஒரு சொல்லும் பேசவில்லை, அவனைப் பேச வைக்க முடியாவிட்டால் நான் அங்கே நின்று என்ன பிரயோசனம் என்று கேட்டபோது உன் குரல் மாறிவிட்டது. போனில் இதை ஆறுதலாகச் சொல்ல முடியாது, அதனால் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் எழுதினால் கெதியாக வாசித்து முடிப்பாய். ஆனால் இப்படியான விஷயம் எனக்குத் தமிழில்தான் வரும். மெதுவாக வாசி.

முதலில், அந்தப் பையனை வகுப்பின் நடுவே எழுப்பிவிட்டு மற்றவர்கள் பார்க்கப் பதில் கேட்காதே. 1986இல் நான் கனடாவில், ஸ்காபரோவில் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் ஓயாமல் கதைத்து அடி வாங்கிய பையன், இங்கே பல மாதம் வாயே திறக்கவில்லை. காதில் விழுவது மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியது. சொல் மட்டும் தொண்டைவரை வந்து நின்றுவிடும். அந்த நேரம் நான் சும்மா இருக்கவில்லை, பிள்ளை. ஒவ்வொரு வசனத்தையும் மனதுக்குள் கட்டிப் பார்த்து, பிழை என்று நினைத்து உடைத்து, திரும்பவும் கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் வகுப்பு அடுத்த பாடத்துக்குப் போய்விடும். ஒரே ஒரு ஆசிரியை என்னிடம் வாயால் பதில் கேட்கவில்லை. இரண்டு படத்தைக் காட்டி எது என்று கேட்பார், நான் விரலால் காட்டினால் போதும், தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விடுவார். நான் முதன்முதலில் ஆங்கிலத்தில் வாய் திறந்தது அவருடைய வகுப்பில்தான்.

இரண்டாவது மொழி படிப்பிக்கிறவர்களுக்கு இந்த மௌனகாலம் புதிதில்லை, உன் பயிற்சி வகுப்பிலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் உனக்கு அது நடந்ததில்லை. பிறந்ததிலிருந்து ஆங்கிலம் உன்னைச் சுற்றியே இருந்தது. அதற்காகத்தான் உன்னை அங்கே வேலைக்கு எடுத்தார்கள். நான் நினைப்பது வேறு. ஒரு மொழிக்குள் பிறந்தவருக்கு, வெளியில் இருந்து வருகிற பிள்ளை எந்த இடத்தில் தடக்குப்படும் என்று தெரியாது. அதை நீ கேட்டுத்தான் வாங்கவேண்டும், பிள்ளைகளிடமும், உன்னோடு வகுப்பில் நிற்கிற தாய்வான் ஆசிரியையிடமும். நானும் ஒரு காலத்தில் தாய்வானில் ஆங்கிலம் படிப்பித்தவன், என்னிடம் இருப்பதை இங்கே எழுதுகிறேன்.

உன் பிள்ளைகள் பெண்ணையும் 'ஹீ' என்று சொல்வதாகச் சிரித்தாய். அது கவனயீனம் இல்லை. சீனமொழியில் அவனுக்கும் அவளுக்கும் வாயால் சொல்லும்போது ஒரே ஒலிதான், எழுத்தில் மட்டும்தான் வித்தியாசம். அதேபோல அவர்களுடைய வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருமாறாது. நேற்று என்று ஒரு தரம் சொன்னால் போதும், போனதும் போகப்போவதும் ஒரே உருவத்தில் நிற்கும். 'யெஸ்டர்டே ஐ கோ' என்று ஒரு பிள்ளை சொன்னால், அவனுடைய மொழியில் வினை அப்படித்தான் உருமாறாமல் நிற்கும். 'ஏ', 'த' என்ற அந்தக் குட்டிச் சொற்களோ நமக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. அதை எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதற்கு எனக்கு எத்தனையோ வருடம் பிடித்தது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதற்காக சிவப்புக் கோடு போடாதே, நிறையக் கேட்க விடு.

அடுத்தது கடைசி மெய்யெழுத்து. சீனமொழியில் ஓர் அசை பெரும்பாலும் உயிரில் முடியும், இல்லாவிட்டால் 'ன்', 'ங்' என்ற மூக்கொலியில் முடியும். அதனால் 'டோக்', 'பஸ்' என்று வரும்போது கடைசி ஒலியை விழுங்குவார்கள், அல்லது பின்னால் ஓர் உயிரை ஒட்டுவார்கள். அம்மம்மா 'பஸ்சு' என்று சொல்வது உனக்குத் தெரியும்தானே, அதேதான். நான் கண்டுபிடித்த வழி, அந்த மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு சேர்த்துவிடுவது. 'கெற் அப்' என்று வெட்டி வெட்டிச் சொல்லாமல் 'கெற்றப்' என்று ஒரே மூச்சில் சொல்ல வை. தமிழில் புணர்ச்சி என்று சனிக்கிழமை வகுப்பில் படித்தாயே, அதே வேலை. நான் அங்கே படிப்பித்த பிள்ளைகளுக்கு இது பாட்டுப்போலப் பிடித்தது.

பிள்ளைகள் களைத்துப்போய் வருகிறார்கள் என்பதையும் மறக்காதே. சின்ன வகுப்புகளுக்கு அனேக நாட்களில் மத்தியானத்தோடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும், தாய் தகப்பன் வேலையில் இருப்பதால் அங்கிருந்து நேராகப் பராமரிப்பு வகுப்புக்குப் போவார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் நாலு மணிவரை பள்ளியில். அதற்குள் ஒரு சுத்தம் செய்கிற நேரம், சாப்பாடு முடிய மேசையில் தலைவைத்துக் கொஞ்சம் தூக்கம். அதன் பிறகுதான் உன்னுடைய பூஷிபான், அதாவது அந்த ஊர் ரியூசன் வகுப்பு. பிறகு வீட்டுப்பாடம், பெற்றார் இரவில் கையெழுத்து வைக்கிற தொடர்புக் கொப்பி. யாழ்ப்பாணத்து ரியூசன் கொட்டிலில் படித்தவனுக்கு இது புதிதில்லை. பள்ளிக்கூடம் முடிந்து ஓலைக்கொட்டிலின் வாங்கில் நெருக்கிக்கொண்டு இருந்த நாங்களும் அப்படித்தான். அந்த நேரத்தில் ஒரு வாத்தியார் எங்களை ஐந்து நிமிடம் சிரிக்க வைத்தால் மிச்ச நேரம் முழுக்க அவருக்கு. ஆகவே முதல் ஐந்து நிமிடம் புத்தகத்தைத் திறக்காதே. எழும்பி நிற்கட்டும், எதையாவது எறிந்து பிடிக்கட்டும், சத்தம் போடட்டும். சொல் சோதனை எங்கேயும் போய்விடாது, ஒவ்வொரு நாளும் வரும். சோதனையை அங்கே யாரும் விளையாட்டாக எடுப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிவில் மே மாதத்தில் வருகிற சோதனையைப் பற்றி மூன்றாம் வகுப்பிலேயே சில வீடுகளில் கதை தொடங்கிவிடும். அந்தத் தாய்மாரைக் குறை சொல்லாதே. நம் வீடுகளிலும் அதே கதைதான் நடந்தது.

சரி, பெயர். பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பெயர் வைப்பது அங்கே வழக்கம். அவர்களே ஆசையோடு தேர்ந்தெடுத்ததை மறுக்கவேண்டாம். ஆனால் ஒவ்வொருவரின் சீனப் பெயரையும் கேட்டு, அதன் ஏற்ற இறக்கத்தோடு சொல்லப் பழகு. ஸ்காபரோவில் என் பெயரை இரண்டு எழுத்தாக வெட்டிவிட்டார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஆனாலும் என்னைக் கூப்பிடும்போது வேறு யாரையோ கூப்பிடுவதுபோல இருக்கும். தாய்ச்சுங் நகரில் நான் பிள்ளைகளின் சொந்தப் பெயரைச் சொல்லப் பழகியபோது அவர்கள் எழும்பி நின்று என்னைத் திருத்தினார்கள். ஆங்கிலத்தில் வாயே திறக்காத பிள்ளைகூட அப்போது எனக்கு ஆசிரியர். இன்னுமொன்று, எந்தப் பிள்ளையின் பெயரையும் சிவப்பு மையில் எழுதாதே. அங்கே அது சாவோடு சம்பந்தப்பட்டது, பெற்றார் மனம் புண்படும்.

சீனமொழியைப் படி. முதலாம் வகுப்பில் முதல் பத்து வாரத்தில் பிள்ளைகள் படிக்கிற ஒலியெழுத்துகள் 37தான். தமிழின் 247ஐயும் சனிக்கிழமை சனிக்கிழமையாக எழுதி முடித்தவள் நீ. அது தெரிந்தால் பிள்ளைகளின் கதைப்புத்தகங்களை நீயே வாசிக்கலாம், எழுத்துக்குப் பக்கத்தில் ஒலியும் அச்சடித்திருக்கும்.

லீவு கிடைத்தால் தாய்வானின் வடக்கில் இருக்கிற தம்சுயி ஊருக்குப் போய்ப் பார். ஒன்ராறியோவின் ஒக்ஸ்ஃபோர்ட் பகுதியில் பிறந்த ஜோர்ஜ் லெஸ்லி மெக்காய் 1872இல் அங்கே போய் இறங்கினார். மதம் பரப்பப் போன மனிதர், பல்லும் பிடுங்கினார், பள்ளிக்கூடமும் கட்டினார். 1882இல் அவர் கட்டிய கல்லூரிக்கு ஒக்ஸ்ஃபோர்ட் பகுதி மக்கள் பணம் அனுப்பினார்கள், அந்தப் பெயரே இன்னும் நிற்கிறது. எனக்குப் பிடித்தது வேறு. அந்த ஊர்ப் பேச்சை அவர் படித்தது மலையடிவாரத்தில் மாடு மேய்த்த பையன்களிடம். நாள்தோறும் அவர்களோடு போயிருந்து, கேட்டுக் கேட்டுப் பழகினார். நம் பக்கத்திலும் 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் செமினரி தொடங்கித்தான் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆங்கிலம் வந்தது. அவர்களில் தமிழை ஊன்றிப் படித்தவர்களைத்தான் நம்மவர்கள் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள்.

உன் முகத்தைப் பார்த்து ஒரு தாய் 'உண்மையில் எந்த நாடு' என்று கேட்டதைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. என் காலத்தில் வெள்ளைக்கார ஆசிரியர்தான் வேண்டும் என்று நேரடியாகவே சொல்வார்கள். நான் வேலை செய்த இடமொன்றில் பெற்றார் வந்து பார்க்கிற நாளில் எனக்குப் பதிலாக, வேலைக்கு வந்து ஒரு மாதமும் ஆகாத வெள்ளைக்கார இளைஞனை முன்னால் நிறுத்தினார்கள். எனக்கு அது வலித்தது. இப்போதும் அது அநியாயம் என்றே சொல்வேன். அதோடு இன்னொன்றையும் நினைத்துப் பார். ஆங்கிலம் படிப்பிக்க அவர்கள் பெரும்பாலும் எடுப்பது அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அயர்லாந்து, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களை. என் கையில் கனடியக் கடவுச்சீட்டு இருந்தபடியால் எனக்குக் கதவு திறந்தது. யாழ்ப்பாணத்தில் எனக்கு ஆங்கில இலக்கணம் படிப்பித்தவருக்கு, என்னைவிட எவ்வளவோ திறமான ஆசிரியருக்கு, அது திறந்திராது. அந்தத் தாய் கேட்டால் மறைக்காமல் சொல். கனடாவில் பிறந்தேன், என் தாய் தகப்பன் இலங்கைத் தமிழர், வீட்டில் இரண்டு மொழி என்று சொல். தன் பிள்ளையை இரண்டு மொழிக்காரனாக்கத்தான் அவள் காசு கட்டுகிறாள். இரண்டு மொழியோடு வளர்ந்த ஒருத்தி அவள் முன்னால் நிற்பது அவளுக்கு நல்ல செய்தி.

நிலநடுக்கம் பற்றி அம்மா பயப்படுகிறாள், அவளிடம் நீயே பேசு. நான் அங்கே இருந்தபோதுதான் 1999 செப்டெம்பர் 21 வந்தது. இரவு 1.47. கட்டிலோடு தூக்கி எறியப்பட்டேன். 2,400க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், நந்தோ பக்கமும் தாய்ச்சுங் பக்கமும் பள்ளிக்கூடங்கள் இடிந்து கிடந்தன. வகுப்புகள் திரும்பத் தொடங்கியபோது புத்தகத்தைப் பிள்ளைகள் தொடவில்லை. நானும் தொடச் சொல்லவில்லை. படம் கீறக் கொடுத்தேன். இருட்டு, வீதியில் படுத்த தாத்தா, உடைந்த மீன்தொட்டி. கீறிவிட்டு அதற்கு ஆங்கிலத்தில் என்ன என்று கேட்டார்கள். டார்க், ஷேக், கிராண்ட்பா. புத்தகத்தில் அந்தப் பாடம் வர இன்னும் எத்தனையோ மாதம் இருந்தது, ஆனால் அந்தச் சொற்களை ஒருவரும் பிறகு மறக்கவில்லை. ஷெல் சத்தத்துக்குள் இருந்து வந்த எனக்கு, சொல்ல ஒன்று இருக்கிற பிள்ளைக்குத்தான் சொல் தேவைப்படும் என்பது அந்த வகுப்பில் நிச்சயமாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு என் படிப்பித்தல் முழுக்க மாறியது. வூஃபெங்கில் இடிந்த நடுநிலைப் பள்ளியை அப்படியே வைத்து அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள், உனக்குக் கிட்டத்தான். ஒரு நாள் போ. அந்தப் பள்ளியின் ஓடுபாதை மேலே கிளம்பி நிற்பதைப் பார்த்தால், பயிற்சி மணி அடித்தவுடன் பிள்ளைகளை மேசைக்கு அடியில் ஏன் போகச் சொல்கிறார்கள் என்று விளங்கும்.

கடைசியாக வேலைப் பத்திரங்கள். உன் வேலை அனுமதி அதில் எழுதியிருக்கிற இடத்துக்கு மட்டும்தான். காலையில் பாலர் பள்ளியில் 'கொஞ்சம் உதவி செய்' என்று முதலாளி சிரித்துக்கொண்டு கேட்டால், சிரித்துக்கொண்டே மாட்டேன் என்று சொல். வெளிநாட்டவர் பாலர் பள்ளியில் ஆங்கிலம் படிப்பிக்க என் காலத்தில் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பிடிபட்டால் முதலாளிக்குத் தண்டப்பணம், உனக்கு நாட்டைவிட்டு வெளியே போகிற நிலை. வாரத்துக்கு 14 மணிநேரத்துக்குக் குறைவாக வகுப்புத் தந்தால் அனுமதிக்கே சிக்கல், அதையும் ஒப்பந்தத்தில் பார். சுகாதாரக் காப்புறுதி அட்டை கையில் கிடைத்துவிட்டதா? அந்த ஊர் லைசென்ஸ் எடுக்காமல் ஸ்கூட்டரில் ஏறாதே, எத்தனை பேர் ஓடினாலும்.

வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்கு அம்மா கவலைப்பட வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டேன், பௌத்தர்களின் சைவக் கடை அங்கே தெருவுக்கு ஒன்று. ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை எனக்கு அனுப்பு, ஆங்கிலப் பக்கத்தையும் சீனப் பக்கத்தையும் இரண்டையும். சீனப் பக்கத்தை வாசிக்க இங்கே எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார்.

அன்புடன்,
அப்பா