பயத்தை வாய்விட்டுச் சொல்ல விடுங்கள்

ஆசிரியருக்கு,

தாய்மையை மையமாகக் கொண்ட திகில் படங்கள் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். இவை தாய்மையைக் கொச்சைப்படுத்துகின்றன, ஆன்மிகப் பக்குவம் வந்தால் ஒரு தாய்க்குப் பயமூட்டும் எண்ணங்களே எழாது என்ற அதன் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. 2014-இல் வெளிவந்த ஆஸ்திரேலியப் படமான 'தி பாபாடூக்'கில், கணவனை இழந்த தாய், தன் துயரத்தின் உருவமாக வரும் பூதத்தைக் கொல்வதில்லை. நிலவறையில் இருக்கும் அதற்குக் கிண்ணத்தில் மண்புழு கொண்டுபோய் வைக்கிறாள். அது சீறும்போது பேசி அமைதிப்படுத்துகிறாள். துயரத்தை ஒளிக்காமல் அன்றாடம் முகம்கொடுக்கும் அந்தப் பொறுமையைத்தான் நான் ஆன்மிக வளர்ச்சி என்பேன்.

என் தங்கை முதல் பிரசவத்துக்குப் பிறகு குழந்தையைத் தனியாகக் குளிப்பாட்டவே பயந்தாள். கை நழுவவிட்டுவிடுவேனோ என்ற எண்ணம் ஓயாமல் வந்தது. பிரார்த்தனை செய், சரியாகிவிடும் என்றே எல்லோரும் சொன்னார்கள். அவளோ தன் பக்தியில்தான் குறை என்று இன்னும் ஒடுங்கிப்போனாள். மனநல மருத்துவரிடம் சிகிச்சை தொடங்கிய பிறகுதான், தியானத்தில்கூட அவளால் நிம்மதியாக உட்கார முடிந்தது. உலக அளவில், குழந்தை பெற்ற பெண்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கு மனநலப் பாதிப்பு, பெரும்பாலும் மனச்சோர்வு, வருவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதன் அறிகுறிகளைக் கண்டறிய எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விகள் 1987 முதலே இருக்கின்றன. சில நிமிடங்கள் போதும். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும் தாயிடம் அவற்றைக் கேட்பதை வழக்கமாக்க வேண்டும். தாங்களும் அந்தக் கேள்விகளை ஒரு மருத்துவரின் விளக்கத்தோடு வெளியிடலாம்.