கும்பிடு போட்டதும் காணாமல் போகும் புகார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் கடிதங்கள் பகுதியில் ஒரு வாசகர், பொதுமக்கள் பயன்படுத்தும் மொபைல் செயலிகளில் எமோஜி எதற்கு, அது சின்னப்பிள்ளைகள் சமாச்சாரம், தமிழ் சரியாக வந்தால் போதாதா என்று கேட்டிருந்தார். நான் திருமங்கலத்தில் ஜெராக்ஸ் எடுப்பது, ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது என்று ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறேன். நான் பார்த்த வரையில், எமோஜியை ஏற்காத செயலி பல சமயம் நம் தமிழையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பேப்பரில் மனு எழுதுகிறவர் ‘ஐயா, வணக்கம்’ என்றுதான் தொடங்குவார். அதே ஆள் போனில் எழுதினால் வணக்கத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கும்பிடு எமோஜி தானாக வந்து உட்கார்ந்துவிடும். விளையாட்டுக்கு அல்ல, மரியாதைக்கு. அதற்குப் பிறகுதான் சாக்கடை அடைத்துக்கொண்டது, தெருவிளக்கு எரியவில்லை என்று விஷயத்துக்கே வருவார்.

கொஞ்ச நாளைக்கு முன் வயதான அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். ஒரு செயலியில் அவர் கொடுத்த புகாரை ‘போதிய விவரம் இல்லை’ என்று சொல்லி முடித்துவைத்துவிட்டார்கள். “தம்பி, அம்புட்டு எழுதியிருக்கேன், விவரம் இல்லைங்கிறாங்களே” என்றார். திறந்து பார்த்தால் பதிவாகியிருந்தது ‘ஐயா வணக்கம்’ மட்டும். கும்பிடுக்குப் பிறகு எழுதியது மொத்தமும் காணோம். எமோஜி இல்லாமல் மறுபடி போட்டதும் முழுசாகப் போய்ச் சேர்ந்தது. எந்தச் செயலி என்று சொல்லப்போவதில்லை. ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

இது ஏன் நடக்கிறது? எமோஜி 1990களில் ஜப்பானிய போன் கம்பெனிகள் தங்கள் போன்களுக்காகச் செய்துகொண்ட சின்னப் படங்கள். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கும் பொதுப் பட்டியலான யூனிகோட், 2010ல் வந்த 6.0 பதிப்பில் அவற்றைச் சேர்த்துக்கொண்டது. அன்றிலிருந்து கணினியைப் பொறுத்தவரை கும்பிடு எமோஜியும் ஓர் எழுத்துதான். அ, ஆ இருக்கும் அதே பட்டியலில் அதற்கும் ஒரு எண் இருக்கிறது. அந்த எண்களை யுடிஎஃப்-8 என்ற முறையில் சேமிக்கும்போது நாம் அன்றாடம் எழுதும் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் 3 பைட் (பைட் என்பது கணினியில் இடத்தை அளக்கும் சின்ன அலகு) போதும். பெரும்பாலான எமோஜிக்கு 4 பைட் வேண்டும். பல செயலிகள் தகவலைச் சேமித்து வைக்கும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தளத்தில் ‘யுடிஎஃப்8’ என்ற பெயரில் இருந்த பழைய ஏற்பாடு 3 பைட்டோடு நின்றுவிட்டது. 4 பைட் ஏற்கும் ‘யுடிஎஃப்8எம்பி4’ வந்ததும் அதே 2010ல்தான். 2018ல் வந்த 8.0 பதிப்பில் அதுவே இயல்பான அமைப்பாகவும் ஆகிவிட்டது. ஆனால் பழைய புராஜெக்டைக் காப்பி அடித்துப் புது செயலி செய்கிறவர்கள் அந்தப் பழைய அமைப்பையும் சேர்த்தே காப்பி அடிக்கிறார்கள்.

4 பைட் எழுத்து வந்து நின்றால் அந்தப் பழைய தரவுத்தளம், அமைப்பைப் பொறுத்து, மொத்தச் செய்தியையும் மறுக்கும், அல்லது அந்த இடத்தில் கேள்விக்குறி போடும், அல்லது அங்கிருந்து கடைசி வரை வெட்டிவிடும். மறுத்தால்கூடப் பரவாயில்லை, திரும்ப எழுதலாம். வெட்டினால் எழுதியவருக்கும் தெரியாது, படிக்கிறவருக்கும் தெரியாது. ‘புகார் பதிவானது, நன்றி’ என்று பச்சை டிக் வேறு வரும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. சிவப்பு இதயம் பழைய குறியீடுகளின் வரிசையில் இருப்பதால் 3 பைட்டிலேயே அடங்கிவிடும். சோதிக்கிறவர் ஒரு இதயத்தைத் தட்டிப் பார்த்து ‘எமோஜி ஓகே’ என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். மாட்டிக்கொள்வது கும்பிடு போடுகிறவர்கள்தான்.

தமிழ் மட்டும் போதும் என்ற வாசகருக்கு இன்னொரு சேதி. 2019ல் யூனிகோட் 12.0 வந்தபோது கோயில், ஆட்டோ, சேலை, அகல் விளக்கு எல்லாம் எமோஜியாக வந்தன. அதே பதிப்பில் நம் பழைய கணக்கு வழக்குகளில் வரும் 51 குறிகளும் சேர்ந்தன. 320ல் ஒரு பங்கான முந்திரி உள்ளிட்ட பின்னங்களும், நிலம், தானியக் கணக்குக் குறிகளும் அதில் உண்டு. இவை ஒவ்வொன்றுக்கும் 4 பைட் வேண்டும். ஆக, கும்பிடை ஏற்காத தரவுத்தளம் முந்திரியையும் ஏற்காது. பழைய கோயில் கணக்கையோ கிராமக் கணக்கையோ அந்தக் குறிகளோடு ஒருவர் போனில் ஏற்றப் போனால், அந்த அம்மாவின் புகாருக்கு வந்த கதிதான் அதற்கும்.

சில பேர் எமோஜியைத் தடுக்கிறேன் என்று ‘எழுத்துகள் மட்டும்’ என ஒரு வடிகட்டி போடுகிறார்கள். அது இன்னும் மோசம். யூனிகோட் கணக்கில் நம் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் ‘எழுத்து’ வகையில் வராது, ஒட்டுக்குறி வகை. கவனிக்காமல் எழுதிய வடிகட்டி ‘மதுரை’ என்று ஊர்ப்பெயரைப் போட்டால்கூட ‘சிறப்புக் குறியீடுகளுக்கு அனுமதி இல்லை’ என்கிறது. அப்புறம் இத்தனை எழுத்துக்கு மேல் கூடாது என்று வைக்கும் வரம்பு. மதுரை நமக்கு மூன்று எழுத்து, ஒட்டுக்குறிகளையும் தனியாக எண்ணும் யூனிகோடில் 5 குறிகள். 4 குறியோடு வெட்டினால் ‘மதுர’ என்று நிற்கும். அப்பா, அம்மா, பிள்ளை சேர்ந்த குடும்ப எமோஜியும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களால் கோத்ததுதான். அதை நடுவில் வெட்டினால் பிள்ளை காணாமல் போகும்.

பழைய போனில் புது எமோஜி வெறும் கட்டமாகத் தெரிகிறது என்று கடையில் பலரும் கேட்பதுண்டு. அதற்கும் வழி இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிக்குள்ளேயே எமோஜி எழுத்துருவைச் சேர்த்துக்கொள்ள உதவும் ஆயத்த நிரல் தொகுப்பைக் கூகுள் 2017லேயே கொடுத்துவிட்டது.

எமோஜிக்கு நான் கொடி பிடிக்கவில்லை. வரிக்கு வரி பத்துக் கைதட்டல் போடுகிறவர்களைக் கண்டால் எனக்கும் எரிச்சல்தான். பார்வையில்லாதவர்களின் போன் அத்தனையையும் பெயர் சொல்லி வாசித்துக்கொண்டிருக்கும், பாவம். மனுவில் எமோஜி அழகா என்று கேட்டால், இல்லை. அதற்காக மனுவை விழுங்கலாமா?

மாற்றுவதில் வேலை இருக்கிறது என்பதும் உண்மை. சீக்கிரம் தேடுவதற்காகத் தரவுத்தளம் வைத்துக்கொள்ளும் இண்டெக்ஸுக்குப் பழைய பதிப்புகளில் 767 பைட்தான் எல்லை; 255 எழுத்துக்கு வைத்த இடம் 4 பைட் கணக்கில் அதைத் தாண்டும். அதை 191 எழுத்தாகக் குறைக்க வேண்டிவரும். தரவுத்தளத்தை மட்டும் மாற்றி, செயலியிலிருந்து போகும் இணைப்பை மாற்றாமல் விட்டால் பழைய குருடி கதவைத் திறடி கதைதான். ஆனாலும் விவரம் தெரிந்தவருக்கு இது தெரியாத வேலை இல்லை.

உள்ளாட்சியோ, கூட்டுறவுச் சங்கமோ, பள்ளியோ, மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிகளோ, செயலி செய்யக் காசு கொடுக்கிறவர்கள் கடைசித் தவணையை விடுவதற்கு முன் இதைச் செய்து பார்க்கட்டும்: நாலு வரி தமிழ் எழுதி, முதல் வரியில் கும்பிடு எமோஜியும் மூன்றாம் வரியில் முந்திரிக் குறியும் போட்டு அனுப்புங்கள். அனுப்பிய போனில் பார்க்காதீர்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து, நாலாவது வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு கணினி மையக்காரர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.