ஒரு முன்னெழுத்துக்காக அலைந்த அனைவருக்கும் நன்றி

சேரம்பாடி, பந்தலூர், கூடலூர், கோத்தகிரி ஊர்களில் இருக்கும் என் பெரியவர்களுக்கும் உறவுகளுக்கும் வணக்கம்.

ஜெர்மனியில் சுற்றுச்சூழல் பொறியியல் முதுநிலைப் படிப்பில் சேர்வதற்கான மாணவர் விசா 2025 ஆகஸ்டில் எனக்குக் கிடைத்துவிட்டது. செய்தி அறிந்து வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் வாழ்த்தினீர்கள். அந்த விண்ணப்பக் கட்டில் நான் எழுதியது இரண்டு பக்கக் கடிதம் மட்டுமே. மற்ற ஒவ்வொரு தாளும் உங்களில் யாரோ ஒருவர் நடந்தோ, காத்திருந்தோ, கையெழுத்திட்டோ வந்து சேர்ந்தது என்பதைப் பெயர் சொல்லாமலாவது எழுதி வைக்க வேண்டும் என்று விரும்புகிறேன். பெயர்களை எழுத வேண்டாம் என்று உங்களில் சிலரே கேட்டுக்கொண்டீர்கள்.

சிக்கல் என் முன்னெழுத்தில் இருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் முதல் பட்டச் சான்றிதழ் வரை என் பெயருக்கு முன்னால் நிற்பது தாத்தாவின் பெயரின் முதலெழுத்து. கடவுச்சீட்டில் முன்னெழுத்தை விரித்தே எழுத வேண்டும் என்பதால், அப்பாவின் ஆதாரில் உள்ள பெயரை அப்படியே கொடுத்தோம்; அது வேறு எழுத்தில் தொடங்குகிறது. பட்டம் பெற்றவளும் கடவுச்சீட்டு வைத்திருப்பவளும் ஒருத்திதானா என்று நம் தேயிலைத் தோட்டத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் 2022 நவம்பர் 1 முதல் ஜெர்மனிக்குப் படிக்கச் செல்லும் இந்திய மாணவர்கள் ஏபிஎஸ் என்னும் கல்விச் சான்று சரிபார்ப்பையும் முடித்தாக வேண்டும் என்பதால், பெயர் பொருந்தாத தாள்களோடு முதல் படியைக்கூடத் தாண்ட முடியாது என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

முதலில் நான் போனது நகரத்தில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு. அரசிதழில் பெயரை மாற்றி, எல்லாச் சான்றிதழ்களையும் புதிதாக வாங்க வேண்டும் என்று சொல்லி முன்பணம் பெற்றுக்கொண்டார்கள். அதற்கு ஆகும் மாதங்களைக் கணக்கிட்டால் அக்டோபரில் தொடங்கும் குளிர்காலக் கல்விப் பருவம் கைவிட்டுப் போய்விடும் என்பதை அவர்கள் சொல்லவில்லை, பணமும் திரும்பவில்லை. அந்த வாரம் முழுவதும் அப்பா யாரிடமும் பேசாமல் வேலைக்குப் போய் வந்தார்.

அதிலிருந்து எங்களை மீட்டவர் பந்தலூர் இ-சேவை மையத்தில் பணிபுரியும் அக்கா. கடவுச்சீட்டையும் மதிப்பெண் சான்றிதழையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "உங்க அப்பா சிலோன்ல பொறந்தவரா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில்தான் முடிச்சு அவிழ்ந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் பிள்ளைகள் பலருக்கு இதே சிக்கல் இருப்பதை அவர் தம் மேசையிலேயே பார்த்திருக்கிறார். இலங்கை மலையகத்தில் தந்தையின் பெயரை முதலிலும் தன் பெயரைப் பின்னாலும் எழுதுவது வழக்கம். 1974இல் ஆறு வயதில் வந்த அப்பாவை இங்கே பள்ளியில் சேர்த்தபோது, முதலில் இருந்த தாத்தாவின் பெயரையே அப்பாவின் பெயராகப் பதிவேட்டில் எழுதிவிட்டார்கள். எனக்குப் பள்ளியில் முன்னெழுத்துக் கொடுக்கப்பட்டது அந்தப் பெயரிலிருந்துதான்.

இரண்டு பெயர்களும் சேர்ந்திருக்கும் தாள் ஒன்று வேண்டும் என்றார் அக்கா. மறுநாள் மாலை, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பாட்டியின் தங்கை, மேட்டு லயத்திலிருந்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) எங்கள் வீட்டுக்கு வந்து, பாட்டி இறந்த பிறகு யாரும் திறக்காத தகரப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்கச் சொன்னார். கூறைச் சேலைக்குக் கீழே, உரப்பையிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் தாளில் நான்காக மடித்துச் சுற்றி, தாயகம் திரும்புவோருக்குக் கண்டியில் கொடுக்கப்பட்ட குடும்ப அட்டை இருந்தது. மடிப்புகள் நைந்து நான்கு துண்டாகும் நிலை. தாத்தா, பாட்டி, பிள்ளைகள் எல்லோரும் நிற்கும் ஒரே புகைப்படம்; அப்பா ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். படத்துக்குக் கீழே தாத்தாவின் பெயரும் அப்பாவின் பெயரும் ஒன்றன் பின் ஒன்றாக, மங்காத மையில். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கியது முதல் அந்த அட்டையை ரவிக்கைக்குள்ளேயே வைத்திருந்தாராம் பாட்டி. சின்னப் பாட்டி அவர்களே, நீங்கள் அந்தப் பெட்டியை நினைவில் வைத்திருக்காவிட்டால் இந்த மடலை எழுத எனக்குக் காரணமே இருந்திருக்காது.

அப்பா படித்த பள்ளியின் தலைமையாசிரியர், கரையான் அரித்தது போக எஞ்சியிருந்த சேர்க்கைப் பதிவேட்டை இரண்டு நாள் தேடியெடுத்து, உரிய பக்கத்துக்குச் சான்றொப்பமிட்ட நகல் கொடுத்தார். கூடலூர் வழக்கறிஞர் ஐயா, இரு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை முத்திரைத்தாளில் தயாரித்து, நோட்டரி முத்திரையும் பெற்றுத் தந்துவிட்டு, கட்டணத்தைக் கேட்டபோது தம் தந்தையும் அதே கப்பலில் வந்தவர் என்று மட்டும் சொன்னார். ஏபிஎஸ் கட்டணமான 18,000 ரூபாயை அம்மாவின் மகளிர் சுயஉதவிக் குழுவினர் தங்கள் சேமிப்பிலிருந்து கொடுத்தார்கள். அவர்கள் அனைவருக்கும் என் நன்றி.

அடுத்து பணம். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கான 11,904 யூரோவை முன்கூட்டியே முடக்கக் கணக்கில் செலுத்திக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். நம் பணத்தில் ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய். ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வங்கி ஈடு கேட்டது. நாங்கள் குடியிருப்பதோ தோட்டத்து வீடு. கூடலூர், பந்தலூர் பகுதியில் ஜென்ம நில (பரம்பரை நில உரிமை) ஒழிப்புச் சட்டத்தின் பிரிவு 17இல் சிக்கிய நிலங்களுக்குப் பல பத்தாண்டுகளாகப் பட்டா இல்லாததால், கொடுக்க மனமிருந்த அக்கம்பக்கத்தாரிடமும் ஈடு வைக்கத்தக்க தாள் இல்லை.

கோத்தகிரி அத்தை, உங்களிடம் நாங்கள் கேட்கவே இல்லை. மாமா போன பிறகு உங்களுக்கு இருக்கும் ஒரே பிடிமானம் அந்த 80 சென்ட் தேயிலை நிலம் என்பது எங்களுக்குத் தெரியும். நீங்களாகவே பட்டாவையும் முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றையும் எடுத்துக்கொண்டு, இரண்டு பேருந்து மாறி வங்கிக்கு வந்தீர்கள். மேலாளர், கடன் கட்டத் தவறினால் என்ன ஆகும் என்பதைத் தமிழில் நிதானமாக எடுத்துச் சொன்னார். அது அவருடைய கடமை, அதை ஒளிக்காமல் சொன்னதற்காக அவருக்கும் நன்றி சொல்கிறேன். நீங்கள் முழுவதும் கேட்டுவிட்டு, கொழுந்துக் கறை ஏறிய விரல்களில் பேனாவைப் பிடித்து, ஒவ்வொரு பக்கத்திலும் எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டீர்கள். கைநாட்டுப் போதும் என்று எழுத்தர் சொன்னதற்கு, "புள்ள படிக்கிறதுக்குத் தர்ற தாளு, எழுதியே தர்றேன்" என்றீர்கள். அந்தப் பக்கங்களின் நகலை என் பையில் எடுத்துச் செல்கிறேன்.

விசா மையத்துக்குப் போகச் சென்னைக்குப் புறப்பட்ட ஜூலை நாளில் எங்கள் பக்கம் அடைமழை. முந்தைய இரவு முதல் மின்சாரமும் இல்லை. விசா மைய முன்பதிவின் உறுதிப்படுத்தல் தாளை அச்சிட முடியாமல் தவித்தபோது, கூடலூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர் ஜெனரேட்டரை இயக்கி அச்சிட்டுக் கொடுத்தார். ஊட்டி சாலையில் மண் சரிந்து வண்டிகள் நின்றபோது, அரசுப் பேருந்து நடத்துநர் எங்களை முன்னால் சென்ற காய்கறி வண்டியில் ஏற்றிவிட்டார். அதனால்தான் மேட்டுப்பாளையத்தில் இரவு ரயிலைப் பிடித்தோம். அவர்கள் இருவரையும் மறுபடி பார்க்க முடியவில்லை. இதை யாராவது அவர்களிடம் படித்துக் காட்டினால் மகிழ்வேன். விசா மையத்தில் முழு வேலையும் ஒரு மணி நேரத்தில் முடிந்தது. அலுவலர் உறுதிமொழிப் பத்திரத்தை ஒருமுறை படித்து, குடும்ப அட்டையின் நகலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, கட்டோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

உறுதிமொழிப் பத்திரத்தின் மாதிரியை இ-சேவை அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். தாயகம் திரும்பிய குடும்பத்துப் பிள்ளைகள் யாருக்காவது முன்னெழுத்துச் சிக்கல் இருந்தால் அதை வாங்கிக்கொள்ளுங்கள். கல்லூரியின் கடைசி ஆண்டிலேயே தொடங்கிவிடுங்கள். வீட்டில் பழைய குடும்ப அட்டை இருந்தால் மடித்து வைக்காமல் விரித்து, உறையிட்டு வையுங்கள். எங்களுடையதை அப்படியே செய்து, அதே தகரப் பெட்டியில், கூறைச் சேலைக்கு மேலே வைத்துவிட்டேன். சாவி சின்னப் பாட்டியிடம் இருக்கிறது.

என்றும் நன்றியுடன்,
கீழ் லயத்து மூத்த மகள்