ஏஐ எதிக்ஸ் பாடம் தாலுகா ஆபீஸுக்கும் வேணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல ஏஐ நெறிமுறை, அதோட நிர்வாகம், சமூக பாதிப்பு இதெல்லாம் இப்போ தனிப் படிப்பாவே வந்துடுச்சுன்னு எழுதியிருந்தீங்க, சந்தோஷம். ஆனா கட்டுரை முழுக்க இன்ஜினியரிங் பசங்களை மட்டும் மனசுல வச்சு எழுதினாப்ல இருக்கு. நான் வருவாய்த்துறைல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனவன், என்னைக் கேட்டா கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுறவங்களுக்கு முன்னாடி, அந்த புரோகிராம் சொல்றதை நம்பி கையெழுத்து போடுறவங்களுக்குத்தான் இந்தப் படிப்பு வேணும்.

நெதர்லாந்துல நடந்ததை பாருங்க. வேலைக்குப் போற அப்பா அம்மாவுக்கு, குழந்தைய பகல்ல பாத்துக்கிற இடத்துக்கு கட்டுற ஃபீஸ்ல ஒரு பங்கை அங்க அரசாங்கம் குடுக்குது. யாரு ஏமாத்துறாங்கன்னு கண்டுபிடிக்க வரித்துறை 2013-ல இருந்து ஒரு சாஃப்ட்வேர் வச்சு மனுவுக்கு ரிஸ்க் மார்க் போட்டுச்சு, டச்சு குடியுரிமை இல்லாதவங்கன்னா மார்க் ஏறும். ஏறின ஃபைல் ஒரு ஊழியர் மேசைக்கு வரும், ஆனா எதனால ஏறுச்சுன்னு அவருக்கே சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர்ல "சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது சார்"னு சொல்லி அனுப்புறோமே, அதே கதி.

ஒரு கையெழுத்து விட்டுப்போனாலோ அவங்க பங்குல கொஞ்சம் பாக்கி இருந்தாலோ கூட, வாங்கின மொத்த பணத்தையும் திருப்பிக் கட்டுன்னுட்டாங்க, பல பேருக்கு அது பத்தாயிரக்கணக்கான யூரோ, வேணும்னே ஏமாத்தினதா முத்திரை விழுந்துட்டா தவணையும் கிடையாது. கடன்ல மூழ்கி வீட்டை விட்டவங்க உண்டு. இப்படி மாட்டின குடும்பங்கள்ல ஆயிரத்துக்கும் மேல பிள்ளைங்களை பெத்தவங்ககிட்ட இருந்து பிரிச்சு வேற இடத்துல வச்சிருக்காங்க. கடைசில 2021 ஜனவரி 15 அன்னைக்கு பிரதமர் மார்க் ருட்டேவோட அமைச்சரவையே ராஜினாமா பண்ணுச்சு (மார்ச்ல எலெக்‌ஷன் வந்து அவரே திரும்ப ஜெயிச்சாரு, அது தனிக் கதை).

இதைப் பேசுற எல்லாரும் அல்காரிதம், அதாவது அந்த சாஃப்ட்வேர் மார்க் போடுற முறை, பாரபட்சம் காட்டுச்சுன்னு நிறுத்திக்கிறாங்க. வாஸ்தவம்தான். ஆனா முழுப் பணத்தையும் பிடுங்கச் சொன்னது மெஷின் இல்லையே, அதிகாரிங்க சட்டத்துக்கு அப்படி அர்த்தம் பண்ணினாங்க, நாட்டோட உச்ச நிர்வாக நீதிமன்றமும் பல வருஷம் அதுக்கு சரின்னுச்சு. 2020 டிசம்பர்ல வந்த பாராளுமன்றக் கமிட்டி அறிக்கை வரித்துறை, அமைச்சருங்க, பாராளுமன்றம், நீதிமன்றம்னு ஒருத்தரையும் விடல. பாரபட்சம் வராம டேட்டாவை சுத்தம் பண்றதோட சிலபஸ் முடிஞ்சா, மனுஷங்க பண்ணின இந்தப் பாதியை யாரு சொல்லித் தர்றது?

தெலங்கானாவுல லட்சக்கணக்கான ரேஷன் கார்டு ரத்தானப்போவும் இதே புகார்தான், கம்ப்யூட்டர் சொன்னதை வச்சு நோட்டீஸ் கூட இல்லாம எடுத்துட்டாங்கன்னு. 2022-ல உச்ச நீதிமன்றம் தலையிட்டு நேர்ல போய் சரிபார்க்கச் சொல்ல வேண்டியதாச்சு.

நம்ம தமிழ்நாடு 2020-லயே பாதுகாப்பான, நெறிமுறையான ஏஐக்குன்னு ஒரு கொள்கை வெளியிட்டுச்சு, மக்கள்கிட்ட கொண்டுபோறதுக்கு முன்னாடி சிஸ்டத்தை எடைபோட டீப்-மேக்ஸ்னு ஒரு ஸ்கோர்கார்டே அதுல இருக்கு. அதை படிச்ச ஒரு விஏஓவையோ ஆர்ஐயையோ நான் இன்னும் பாக்கல.

பவானிசாகர் அரசு ஊழியர் பயிற்சி நிலையத்துல புதுசா வேலைக்கு சேர்ற இளநிலை உதவியாளர்களுக்கு ஃபைல் எழுதுறது, அலுவலக நடைமுறை எல்லாம் பயிற்சி குடுக்கிறாங்க, அதுலயே இதுக்கு ரெண்டு நாள் ஒதுக்கலாம். பெரிய தத்துவமெல்லாம் வேண்டாம். மெஷின் தகுதியில்லைன்னு தள்ளினா காரணம் கேக்க யாருக்கு அதிகாரம், மனுதாரருக்கு யாரு நோட்டீஸ் குடுக்கணும், அப்பீல் யார்கிட்ட, அப்புறம் முக்கியமா, நேர்ல விசாரிச்சுட்டு வந்து "சிஸ்டம் சொல்றது தப்பு"ன்னு ஃபைல்ல எழுதுற கிளார்க்குக்கு மெமோ வருமா வராதா. அடுத்த இதழ்ல இதையும் யாராவது அதிகாரிகிட்ட கேட்டு போடுங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வருவாய்த்துறை ஊழியர்,
தஞ்சாவூர்