ஸ்டாப் பின் இல்லாமல் திரும்பி வந்த பிஸ்டல்: சர்வீஸ் குறித்துப் புகார்

பெறுநர்:
சர்வீஸ் பிரிவு மேலாளர் அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: ரூகர் மார்க் 2 பிஸ்டலைப் பிரித்துச் சுத்தம் செய்து மாட்டியதில் ஏற்பட்ட குறையும், அதனால் சேம்பர் விளிம்புக்கு வந்த சேதமும்

ஐயா, வணக்கம்.

உங்கள் பட்டறையில் சர்வீஸுக்குக் கொடுத்த என் பாயிண்ட் 22 பிஸ்டலை, தோட்டாவுக்குப் பின்னால் முன்னும் பின்னும் ஓடும் போல்ட்டுக்குள் இருக்க வேண்டிய ஸ்டாப் பின்னை, அதாவது தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஃபயரிங் பின் அளவுக்கு மேல் முன்னே போகாமல் தடுக்கும் குறுக்குப் பின்னை, போடாமலேயே மாட்டிக் கொடுத்திருக்கிறீர்கள். அந்தப் பின் இல்லாததால், தோட்டா உட்காரும் சேம்பரின் விளிம்பு அடிவாங்கிப் பிதுங்கிவிட்டது. போனில் சொன்னபோது, "குண்டு இல்லாமல் சும்மா டிரிகரை அழுத்திப் பழகியிருப்பீர்கள், அதனால் வந்தது" என்று கவுண்டரில் இருக்கும் தம்பி பேச்சை முடித்துக்கொண்டார். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. கடையில் எல்லாமே தமிழில்தான் பேசினோம், வேலைச் சீட்டிலும் உங்கள் மெக்கானிக் தமிழில்தான் குறிப்பு எழுதித் தந்தார் என்பதால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். மலாய் நகல் வேண்டுமென்றால் அனுப்பி வைக்கிறேன்.

முதலில் சர்வீஸ் முடிந்து பிஸ்டலைத் திரும்ப வாங்க வந்த அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டியது. கவுண்டரில் வைத்து போல்ட்டைப் பின்னால் இழுத்துப் பார்த்தேன். பாதி வழியில் நின்றுவிட்டது. "புதுசா ஆயில் போட்டிருக்கு அண்ணே, ரெண்டு தடவை இழுத்தா சரியாயிடும்" என்றார் தம்பி. ஆயில் போட்டால் வழுக்கும், எங்கேயாவது இடிக்குமா? மார்க் 2 பிஸ்டலைக் கழற்றி மாட்டிய யாருக்கும் இந்தக் குறி தெரியும். பிடியின் பின்பக்கத்தில் ஸ்ப்ரிங்கை வைத்திருக்கும் மெயின்ஸ்ப்ரிங் ஹவுசிங்கை மூடும்போது, ஃபயரிங் பின்னை அடிக்கும் ஹேமரிலிருந்து தொங்கும் ஸ்ட்ரட் என்ற அந்தச் சின்னக் கால், ஹவுசிங்குக்குள் இருக்கும் ஸ்ப்ரிங்கின் தலைக்குழியில் போய் உட்கார வேண்டும். பிஸ்டலைச் சரியான கோணத்தில் சாய்த்துப் பிடித்து, ஸ்ட்ரட் தானாக ஆடி உரிய இடத்துக்கு வரவிட்டு மூடினால்தான் அது உட்காரும். இல்லையென்றால் வெளியே எல்லாம் ஒழுங்காக மூடியதுபோலவே தெரியும், ஆனால் போல்ட் முழுதாகப் பின்னால் வராது. இதை நான் சொன்ன பிறகு உள்ளே எடுத்துப்போய்த் திரும்பவும் மாட்டிக்கொண்டு வந்தார்கள். போல்ட் சரியாக ஓடியது. பிடியின் பின்புறத்தில், தாழ்ப்பாள் பக்கத்தில், முன்பு இல்லாத ஒரு கீறலும் கூடவே வந்தது. கீறலை விட்டுவிடுகிறேன். சுடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆனால் இத்தனை அவசரத்தில் மாட்டியவர்கள் உள்ளே வேறு என்ன விட்டிருப்பார்கள் என்பது அன்று கவுண்டரில் தெரியவில்லை.

கிளப்பில் போய்ச் சுட்டபோது முதல் சில மேகசின்கள் ஒழுங்காகவே போயின. அப்புறம் சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு சேம்பரை விட்டு வெளியே வர அடம்பிடித்தது. அடுத்தடுத்து, புதுத் தோட்டா கடைசி வரை உள்ளே போகாமல் விளிம்பில் தடுக்கி நின்றது. கட்டைவிரலால் போல்ட்டைத் தள்ளித்தான் மூட வேண்டியிருந்தது. பத்து விநாடியில் ஐந்து குண்டு சுட வேண்டிய ஸ்டாண்டர்ட் பிஸ்டல் தொடரில் இப்படி நின்றால் அந்தத் தொடரே போச்சு. அது மட்டுமில்லை, பாதி நுழைந்த, இன்னும் வெடிக்காத தோட்டாவோடு பிஸ்டலைப் பிடித்துக்கொண்டு நான் கையைத் தூக்கியபோது பக்கத்து வரிசையில் பள்ளிப் பிள்ளைகள் பயிற்சியில் இருந்தார்கள். ரேஞ்ச் அதிகாரி எல்லாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டியதாயிற்று.

வெளியே வந்த கூடுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றின் மேல்பக்கத்திலும் நீளவாக்கில் ஒரே இடத்தில் ஒரு கோடு. பித்தளையைக் கூர்மையான ஏதோ ஒன்று கீறியிருக்கிறது. உடனே பிஸ்டலைக் காலி செய்து, கிளப்பின் மூத்த பயிற்சியாளர் முன்னிலையில் ஹவுசிங்கைத் திறந்து போல்ட்டை உருவினேன். போல்ட்டின் குறுக்கே ஒரு துளை இருக்கும், ஸ்டாப் பின் உட்காரும் துளை. விளக்குக்கு நேரே பிடித்தால் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறது. பின் இருந்தால் வெளிச்சம் எப்படி வரும்? ஃபயரிங் பின்னை விரலால் முன்னே தள்ளினால், நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி போல்ட்டின் முகத்துக்கு வெளியே நீண்டுகொண்டு வருகிறது. சேம்பருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தோம். மேல் விளிம்பில் நகக்கண் அளவுக்குக்கூட வராத ஒரு பிறைத் தழும்பு, அதன் கீழே உள்பக்கமாகப் பிதுங்கிய இரும்பு. மரக்குச்சியின் முனையை அதன் மேல் ஓட்டினால் தட்டுகிறது. இவை எல்லாவற்றையும் படம் எடுத்து இணைத்திருக்கிறேன்.

இது ஏன் நடக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் எனக்குக் கிடைத்த பதிலைக் கேட்டால் சொல்லத்தான் வேண்டும்போலிருக்கிறது. ரிம்ஃபயர் தோட்டாவுக்கு நடுவில் தனியாக ப்ரைமர் கிடையாது. வெடிக்கும் மருந்து அடிப்பக்கத்து விளிம்புக்குள் சுற்றிலும் இருக்கிறது. ஃபயரிங் பின் அந்த விளிம்பைச் சேம்பர் ஓரத்தோடு வைத்து நசுக்கும்போதுதான் தோட்டா வெடிக்கிறது. நடுவில் பித்தளை விளிம்பு இருக்கும்வரை ஃபயரிங் பின் அதன் மேல் அடிக்கும். சேம்பர் காலியாக இருக்கும்போது அடித்தால் நேரே இரும்பு விளிம்பின் மேல்தான் அடிக்க வேண்டும். அது நடக்காமல் இருப்பதற்காகவே அந்தக் குறுக்குப் பின் இருக்கிறது. ஃபயரிங் பின்னின் நடுவில் உள்ள பள்ளத்தின் வழியாக அது போவதால், ஃபயரிங் பின் சேம்பரைத் தொடுவதற்கு முன்பே நின்றுவிடும். ஒரு சின்ன இரும்புத் துண்டு, விலை என்று பார்த்தால் ஒன்றுமில்லை. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு வெற்று அடியும் உளி வைத்து அடித்த மாதிரிதான்.

டிரை ஃபயர், அதாவது குண்டு இல்லாமல் டிரிகரை அழுத்திப் பழகியதால் வந்தது என்ற பதிலுக்கு வருகிறேன். ஆமாம், டிரை ஃபயர் செய்கிறேன். இலக்குச் சுடுதலில் இருக்கிற எல்லாரும் செய்கிறார்கள். டிரிகர் பிடி அதில்தான் கைக்கு வரும். இந்த மாடலின் கையேட்டிலேயே, ஸ்டாப் பின் அதன் இடத்தில் இருக்கும்வரை டிரை ஃபயர் செய்வதால் கேடில்லை என்று போட்டிருக்கிறது. அது போகட்டும். மார்க் 2 பிஸ்டலைக் கழற்றுவதற்கே ஹேமர் இறங்கியிருக்க வேண்டும். மேகசினை எடுத்து, சேம்பர் காலி என்று கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டு, டிரிகரை அழுத்தி ஹேமரை இறக்கிய பிறகுதான் ஹவுசிங்கை வெளியே இழுக்க முடியும். அதாவது சுத்தம் செய்ய யார் கழற்றினாலும் ஒரு தடவையாவது காலி சேம்பரில் டிரிகரை அழுத்தியே ஆக வேண்டும். உங்கள் மெக்கானிக்கும் அழுத்தியிருப்பார். ஸ்ட்ரட் சரியாக உட்காராமல் இரண்டாம் தடவை கழற்றியபோதும் அழுத்தியிருப்பார், அப்போது ஸ்டாப் பின் உள்ளே இல்லை. அந்தத் தழும்பின் முதல் அடி எந்த மேசையில் விழுந்தது என்று எனக்குத் தெரியாது. என் கைக்கு வருவதற்கு முன்பே விழுந்திருக்கலாம்.

"வரும்போதே பின் இல்லை" என்றும் பிறகு ஒரு பேச்சு வந்தது. உங்கள் வேலைச் சீட்டில் "போல்ட் முழுதாகப் பிரித்து, ஃபயரிங் பின் சேனல் கழுவப்பட்டது" என்று எழுதியிருக்கிறது. ஸ்டாப் பின்னைத் தள்ளி எடுக்காமல் ஃபயரிங் பின்னை வெளியே எடுக்க வழியில்லை. எடுத்தது நீங்கள் என்றால் திரும்பப் போட வேண்டியதும் நீங்கள்தான். வரும்போதே இல்லையென்றால் அதை அன்றே சீட்டில் குறித்து எனக்குச் சொல்லியிருக்க வேண்டும். இரண்டில் எதைப் பிடித்தாலும் குறை பட்டறையில்தான் போய் நிற்கிறது. என்ன நடந்திருக்கும் என்று என்னால் ஊகிக்கவும் முடிகிறது. அந்தப் பின் இறுக்கமாக அடித்து ஏற்றியது இல்லை, சும்மா நுழைந்து நிற்பது. போல்ட் தான் ஓடும் ரிசீவர் குழாய்க்குள் இருக்கும்வரை ரிசீவரின் சுவர்தான் அதை விழாமல் பிடித்துவைக்கிறது. போல்ட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்தால் தானே நழுவும். உங்கள் சால்வென்ட் தட்டின் அடியில் இன்னும் கிடந்தாலும் ஆச்சரியமில்லை. வேலை தெரிந்தவர்கள் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல்தான் போல்ட்டைப் பிரிப்பார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பேரலை நன்றாகவே சுத்தம் செய்திருக்கிறீர்கள். போல்ட்டை எடுத்துவிட்டால் பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யும் ராடை விடலாம் என்பதால் பேரல் வாய்க்கு எந்தக் கேடும் வரவில்லை. ஈயமும் மெழுகும் கருகிய மருந்தும் சேர்ந்து படிகிற அந்தப் பிசுக்கு சுத்தமாகப் போயிருக்கிறது. கோலாலம்பூர் ஈரக்காற்றுக்கு எண்ணெய்ப் பூச்சும் போதுமான அளவில் இருக்கிறது. சுத்தம் செய்பவருக்கு வேலை தெரிகிறது. மாட்டுகிறவரும் அவரேதானா என்பதுதான் என் சந்தேகம்.

கடைசியாகப் பேசியபோது உங்கள் விற்பனைப் பிரிவிலிருந்து இன்னொருவர், "இது பழைய மாடல் சார், மாட்டுறது எப்பவும் தொல்லைதான், மார்க் 4 எடுத்துக்குங்க, ஒரு பட்டன் அழுத்தினா பிரிஞ்சிடும்" என்றார். மார்க் 2 1982இல் வந்தது. மாட்டுவது சிரமம் என்ற பேச்சு அதற்கு உண்டுதான், 2016இல் மார்க் 4 வந்ததும் அந்தச் சிரமம் தீர்ந்ததும் உண்மைதான். ஆனால் சிரமம் என்று தெரிந்துதானே ஐயா காசு கொடுத்து உங்களிடம் விட்டேன்? அவர் சொல்லாமல் விட்ட இன்னொன்றும் இருக்கிறது. 2017இல் அதே மார்க் 4 பிஸ்டல்களில் சேஃப்டி லீவர் இரண்டு நிலைக்கும் நடுவில் இருக்கும்போது டிரிகரை அழுத்தினால், பிறகு லீவரைத் தள்ளும் நேரத்தில் குண்டு வெடிக்க வாய்ப்பு இருக்கிறது என்று தயாரிப்பாளரே அறிவித்து, பிஸ்டல்களைத் திருப்பி வாங்கி இலவசமாகச் சரிசெய்து கொடுத்தார். வாங்கியவர் மேல் பழி போடவில்லை. உங்களிடம் நான் எதிர்பார்ப்பதும் அவ்வளவுதான்.

இனி எனக்கு வேண்டியவை. புதிய ஸ்டாப் பின் போட வேண்டும். வேறு ஏதோ ஒரு கம்பியை வெட்டிச் சொருகக் கூடாது. சேம்பர் விளிம்பைச் சரிசெய்ய வேண்டும். இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்: அரம் வைக்கக் கூடாது. பிதுங்கிய இரும்பை அராவி எடுத்தால் அடிபட்ட பள்ளம் பள்ளமாகவே நின்றுவிடும், தோட்டா விளிம்புக்கு அந்த இடத்தில் தாங்கல் இருக்காது. இதற்கென்றே சேம்பர் அயர்ன் என்று ஒரு கருவி இருக்கிறது. கூம்பான முனையைச் சேம்பருக்குள் விட்டு அழுத்தித் திருப்பினால், பிதுங்கிய இரும்பு வந்த வழியே திரும்பிப் போகும். அது உங்களிடம் இல்லையென்றால், இருக்கிற வேறு உரிமம் பெற்ற பட்டறையில் உங்கள் செலவில் செய்து தாருங்கள். சேதம் அதையும் மீறியது என்று வந்தால் விஷயம் பெரிது. மார்க் 2இல் பேரலும் ரிசீவரும் ஒன்றோடு ஒன்று திருகிய ஒரே அங்கம், வரிசை எண் ரிசீவரில்தான் பொறித்திருக்கிறது, என் லைசென்ஸில் இருப்பதும் அந்த எண்தான். அதை மாற்றுவது என்றால் போலீஸ் அனுமதி, புதிய பதிவு என்று இழுக்கும். அந்தச் செலவும் அலைச்சலும் என் தலையில் விழக் கூடாது. சர்வீஸுக்குக் கொடுத்த முழுத் தொகையும் திரும்ப வேண்டும். எந்த உறுப்பைக் கழற்றினீர்கள், எதைத் திரும்பப் போட்டீர்கள் என்று மெக்கானிக் கையெழுத்திட்ட சீட்டும் வேண்டும்.

இதற்கு இரண்டு வாரம் அவகாசம் தருகிறேன். அதற்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போவேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில், சேவை செய்கிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்ற உத்தரவாதம் இருக்கிறது. தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்), 50,000 வெள்ளி வரையில் கேட்கலாம், வழக்கறிஞரும் தேவையில்லை. பயிற்சியாளர் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். அங்கே போக எனக்கு ஆசை ஒன்றும் இல்லை. கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த வேலை செய்கிற கடைகளே குறைவு, உங்களோடு பகை வைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

பிஸ்டல் இப்போது கிளப்பின் ஆயுத அறையில் பூட்டியிருக்கிறது. போல்ட்டைத் தனியாக உறையில் போட்டு, நானும் பயிற்சியாளரும் கையெழுத்திட்டு ஒட்டியிருக்கிறோம். உங்கள் மெக்கானிக் வந்து பார்க்கலாம், உறையை அவர் முன்னால்தான் பிரிப்போம். வெளியே எடுத்து வரக் கிளப்பில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதால், வருகிற நாளைக் குறைந்தது மூன்று நாளுக்கு முன் தெரிவியுங்கள். சனி, ஞாயிறு காலையில் என்றால் எனக்கு வசதி.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் தொடர்பு எண்ணும் இணைத்துள்ள ரசீது நகலில் உள்ளன)

இணைப்பு: ரசீது, வேலைச் சீட்டு, போல்ட் மற்றும் சேம்பர் படங்கள், கீறல் விழுந்த கூடுகளின் படம்